சந்தைக் கழிப்பறைக்காரி பெர்பெதுவா

என்னிடம் யாராவது அந்தஸ்து, கௌரவம் என்று பேச்செடுத்தால் எனக்கு நெமேசியாவின் விழா மண்டபத்து நாற்றம்தான் மூக்கில் ஏறும். புளித்த பீர், வாந்தி, அதை மறைக்க மேலே தெளித்த ரோஜா சென்ட். முப்பத்தொரு வருடம் மருத்துவமனையில் நர்ஸாக மலச்சட்டி தூக்கியவள் நான். அங்கெல்லாம் குமட்டாத வயிறு அன்றைக்குக் குமட்டியது. ஆனால் நான் சொல்ல வந்தது நெமேசியாவைப் பற்றி அல்ல. அவளுடைய அக்கா பெர்பெதுவா சூக்கிமியாவைப் பற்றி.

மலை நகரமான எல் ஆல்தோவில் எங்கள் சந்தையின் கழிப்பறையை நடத்துபவள் பெர்பெதுவா. பெண்களுக்கு ஐந்து அறை, ஆண்களுக்கு மூன்று. வாசலில் ஒரு ஸ்டூல், மடியில் ஒரு டப்பா. ஒரு பொலிவியானோ காசு கொடுத்தால் நாலாக மடித்த தாளை நீட்டுவாள். கூடவே, "முடிச்சதும் ரெண்டு வாளி. ஒண்ணு இல்ல, ரெண்டு" என்பாள். காய்கறிக்காரியிடமும் அதேதான், பூசைக்கு வந்த பாதிரியாரிடமும் அதேதான். ஊற்றாமல் வெளியே வந்தவர்களைக் கையைப் பிடித்து உள்ளே திருப்பி அனுப்புவாள். இனிமையான பெண் என்று அவளை யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு நான் அந்தச் சந்தையில் ஒரு மேசை போட்டேன். ரத்த அழுத்தம் பார்ப்பது, ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டுவது. சந்தைச் சங்கத்துக்காரர்கள் எனக்குக் காட்டிய இடம் கழிப்பறைச் சுவரை ஒட்டி இருந்தது. ஊசி போடும் இடத்தை எங்கே வைக்கிறீர்கள் என்று சண்டை போட்டேன். வேறு இடம் இல்லை என்றார்கள். முதல் நாள் முகமூடி கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் கழற்றிவிட்டேன். நாற்றம் இல்லை. எழுந்துபோய் உள்ளே பார்த்தேன். நான் வேலை பார்த்த வார்டுகளில் எதுவும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

விடியும்போதே வந்துவிடுவாள். ஜூன், ஜூலை எங்களுக்குக் குளிர்காலம். பீப்பாய்த் தண்ணீர் மேலே கண்ணாடிபோல உறைந்திருக்கும். மரக்கட்டையால் அதை உடைத்து, அதே தண்ணீரில் எட்டு அறைகளையும் கழுவுவாள். மதியம் ஒரு முறை கதவைப் பூட்டி மறுபடி முழுக்கக் கழுவுவாள். கழுவி முடித்ததும் கதவைத் திறக்க மாட்டாள். வெளியே ஆட்கள் காலை மாற்றி மாற்றி நின்றாலும் சரி, உள்ளே கால்மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் அவசரமாகத் தண்ணீர் கேட்டு நான் பின்கதவு வழியாகப் போனேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, ஈரமான சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் வேகவைத்த இரண்டு கிழங்கு. என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன்.

"சுத்தமா இருக்கு. அதைத்தான் பாக்குறேன்" என்றாள். "கதவத் தொறந்தா போயிரும்ல."

அந்தக் கால்மணி நேரத்துக்காகத்தான் மற்ற பத்து மணி நேரமும் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச காலம் ஆனது.

இன்னொரு விஷயம். கழுவுகிறவளுக்குத்தான் ஊரின் வயிறு தெரியும். ஒரு நாள் காலை என் மேசைக்கு வந்து, உருளைக்கிழங்கு விற்கும் ஹசிந்தோவைக் கூப்பிட்டு அழுத்தம் பாருங்கள் என்றாள். எதற்கு என்றேன். "மூணு நாளா கறுப்பாப் போறான், தார் மாதிரி. குடிக்கிறவனும் இல்ல" என்றாள். அவனைக் கூப்பிட்டுப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. முதுகு வலிக்கு ஆறு மாதமாக மாத்திரையை மிட்டாய்போல விழுங்கியிருக்கிறான். குடலில் ரத்தக் கசிவு. அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

பிழைத்து வந்த ஹசிந்தோ மாதாவுக்கு ஆள் உயர மெழுகுவர்த்தி ஏற்றினான். டாக்டருக்கு ஒரு ஆட்டுத்தொடை கொண்டுபோய்க் கொடுத்தான். எனக்கு ஒரு மூட்டை சூன்யோ தந்தான். பனியில் காயவைத்த அந்தக் கறுப்புக் கிழங்கை இன்னும் தின்றுகொண்டிருக்கிறேன். பெர்பெதுவாவுக்கு எதுவும் இல்லை. கண்டுபிடித்தது நீதான் என்று அவனிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"அவன்கிட்டப் போயி, ஒன் பீயப் பாத்துக் கண்டுபிடிச்சா ஒருத்தின்னு சொல்லவா? மனுசன் அப்புறம் என் மூஞ்சிய எப்படிப் பாப்பான். விடுங்க நர்ஸம்மா" என்றாள்.

விட்டுவிட்டேன். அவளும் உண்மையிலேயே விட்டுவிட்டாள். மனதில் வைத்துக்கொண்டு வெளியே மட்டும் விட்டதாகச் சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இவள் அந்த ரகம் இல்லை.

அவளுடைய தங்கை நெமேசியாவுக்குச் சந்தையில் மூன்று கம்பளிக் கடைகள். பெரிய சாலையில் ஐந்து மாடிக் கட்டடம். பச்சையும் ஆரஞ்சுமாகக் கண்ணாடி, முன்னால் சிங்க முகம் வைத்த தூண்கள். கீழே கடைகள், இரண்டாம் மாடியில் அறுநூறு பேர் ஆடக்கூடிய மண்டபம், உச்சியில் வீடு. சிங்கத்துக்குப் பக்கத்தில் நின்றுதான் எப்போதும் போட்டோ எடுத்துக்கொள்வாள்.

எங்கள் சந்தை மாதாவின் விழாவை வருடத்துக்கு ஒரு குடும்பம் ஏற்று நடத்தும். அப்படி நடத்துகிறவர்களைப் பிரெஸ்தே என்போம். இரண்டு பேண்டு செட், லாரி லாரியாகப் பீர், இரண்டு நாள் சாப்பாடு. பிரெஸ்தே ஆனவள் அந்த ஒரு வருடம் ராணி. போன ஆகஸ்டில் அந்த முறை நெமேசியாவுக்கு வந்தது. வந்த வாரமே, அதற்கு முந்தைய வருடத்துப் பிரெஸ்தே, பாத்திரக் கடைக்காரி, சந்தை முழுக்கக் கேட்கும்படி ஒரு வார்த்தை விட்டாள். "தங்கச்சி மேடையில, அக்கா கக்கூஸ்ல. மாதா எந்தப் பக்கம் வரணும்?"

அதோடு வந்தது வினை. நெமேசியா சங்கத் தலைவரைப் பிடித்து ஏற்பாடு செய்துவிட்டாள். கழிப்பறையை ஃபாவியோ என்பவனுக்கு விடுவது. அக்காவுக்குச் சந்தையின் முனைக் கடை. அந்தக் கடைக்காகக் குடும்பங்கள் தலைமுறையாக அடித்துக்கொண்டிருக்கின்றன. ஃபாவியோ ஏற்கெனவே பேருந்து நிலையக் கழிப்பறையை நடத்துகிறவன். அங்கே ஒரு முறை போனவர்கள் அடுத்த முறை சாலையோரமாகப் போவார்கள்.

நெமேசியா இதைச் சொல்ல வந்தபோது நான் பக்கத்து மேசையில் பஞ்சு கிழித்துக்கொண்டிருந்தேன். நாற்றமே இல்லாத வாசலில் நின்றுகொண்டு சால்வை முனையால் மூக்கைப் பொத்தியிருந்தாள்.

"முனைக் கடை, அக்கா. சரக்கு நானே போட்டு நிரப்பித் தரேன். நீ சும்மா உக்காந்திருந்தாப் போதும்."

"சும்மா உக்காரத்தான் எனக்கு வரலியே. ஒன் கடையில நாலு வருசம் உக்காந்து பாத்தாச்சு. காலையில கண்ணாடி பாத்தேன், சாயங்காலம் கண்ணாடி பாத்தேன். நடுவுல என்ன செஞ்சேன்னு இன்னைக்கு வரைக்கும் ஞாபகம் வரல."

"ஊரு என்ன பேசுதுன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியாம என்ன. எல்லாரும் இங்க உள்ள உக்காந்துதான பேசுறாங்க. செவுரு மெல்லிசு."

நெமேசியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. விழாவின் இரண்டாம் நாள் தலைவர் மைக்கில் அறிவித்து, சாவியைக் கையில் கொடுப்பார் என்றாள். "முடியாதுன்னா அத்தனை பேர் முன்னால சொல்லு, பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவளுக்குத் தெரியும். பிரெஸ்தேயின் விழாவில், பிரெஸ்தே கொடுப்பதை மறுப்பது சாதாரணக் காரியம் அல்ல. அந்த வீட்டுக்கு அந்த வருடம் விளங்காது என்பார்கள். மறுத்தவளைச் சொந்தக்காரர்கள் சாவுக்குக்கூடக் கூப்பிட மாட்டார்கள். பெர்பெதுவா அன்று மதியம் கழுவும்போது வாளியை இரண்டு முறை தவறவிட்டாள். சாயங்காலம் அவளே வந்து கையை நீட்டினாள். எப்போதும் நூற்றிருபதில் நிற்கும் அழுத்தம் நூற்று அறுபத்தெட்டு இருந்தது. பிறகு விழா வரைக்கும் மூன்று வாரமும் இறங்கவே இல்லை.

விழாவுக்கு நெமேசியா என்னைக் கூலிக்கு அமர்த்தினாள். குடித்து விழுகிறவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். அதனால் இரண்டு நாளும் மண்டபத்தில் இருந்தேன்.

கூரையில் வண்டிச் சக்கரம் அளவுக்குக் கண்ணாடி விளக்குகள் எட்டு. சுவரெல்லாம் தங்க முலாம். அறுநூறு பேருக்குக் கழிப்பறை எத்தனை தெரியுமா? பெண்களுக்கு இரண்டு, ஆண்களுக்கு ஒன்று. விளக்கு போட்டோவில் விழும். கழிப்பறை விழாது. கட்டும்போதே அப்படித்தான் யோசித்திருக்கிறார்கள்.

குடிப்பதற்கு முன் பூமித்தாய்க்குக் கொஞ்சம் ஊற்றுவது எங்கள் வழக்கம். இரண்டாம் மாடியில் பூமி எங்கே இருக்கிறது? பளிங்குத் தரையில் ஊற்றினார்கள். அறுநூறு பேர், இரண்டு நாள். நடந்தால் செருப்பு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. அதன்மேல் கோழி எலும்பு, மிதிபட்ட வண்ணக் காகிதத் துண்டுகள். ஆண்கள் கீழே இறங்கிச் சிங்கத் தூணுக்குப் பின்னால் போய் ஒதுங்கிவிட்டு, ஈரக் கையோடு வந்து மாதாவின் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள். பட்டுச் சட்டையும் தங்கப் பல்லுமாக. எனக்கு அந்தச் சிலைக்காகப் பாவமாக இருந்தது.

நெமேசியா மேடையில் ஆறு பாவாடைக்கு மேல் ஏழாவதாகச் சரிகைப் பாவாடை உடுத்தி உட்கார்ந்திருந்தாள். வட்டத் தொப்பியின் முன்னால் முத்துக்கள் தொங்கும் தங்கப் பூ ஒன்று. தானே செய்யக் கொடுத்து வாங்கியது என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அவளுக்குப் பின்னால் கறுப்பு கோட்டுப் போட்ட ஒருவன் பீர்கூடக் குடிக்காமல் நின்றான். நகை வாடகைக் கடையின் காவலாள். அங்கே இருந்த பாதிப் பேர் நகைக்குப் பின்னால் அப்படி ஒருவன் நின்றான். எல்லாருக்கும் தெரியும். அந்த ஆட்கள் ஏதோ சொந்தக்காரர்கள் என்பதுபோலவே எல்லாரும் பேசினார்கள்.

பெர்பெதுவாவையும் வாடகைச் சால்வை போர்த்தி மேடையின் ஓரத்தில் உட்காரவைத்திருந்தார்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு ஊசிக்குக் காத்திருப்பவள்போல இருந்தாள்.

வாழ்த்த வருகிற ஒவ்வொருவரோடும் பிரெஸ்தே ஒரு கோப்பை குடித்தாக வேண்டும். வேண்டாம் என்றால் அவமானம். இரண்டாம் நாள் மதியம் மூன்று மணிக்கு நெமேசியாவின் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. நான் போய்ப் போதும் என்றேன். பாத்திரக் கடைக்காரி எதிரே கோப்பையோடு நின்றாள். நெமேசியா அதையும் குடித்தாள். குடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினாள். நான் பின்னால் போனேன். காவலாளும் வந்தான்.

பெண்கள் பக்கம் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். மாடித் தொட்டி காலையிலேயே காலியாம். இரண்டு கழிப்பறைப் பீங்கானும் விளிம்பு வரை நிறைந்து தரைக்கு வழிந்துகொண்டிருந்தது. அதிலேதான் நெமேசியா குனிந்தாள். வாந்தி எடுத்த வேகத்தில் தொப்பி முன்னால் சரிந்தது. பிடித்துவிட்டாள். ஆனால் தங்கப் பூ கழன்று உள்ளே போய்விட்டது.

வாயைத் துடைக்கக்கூட இல்லை. அப்படியே நின்று பார்த்தாள். காவலாள் வாசலிலிருந்தே சத்தமாகச் சொன்னான். "அது எங்க கடைப் பொருளம்மா. ஆறு மணிக்கு நான் கொண்டுபோய் வைக்கணும். வாடகைப் பத்திரத்துல ஒங்க வீட்டைத்தான் ஈடா எழுதியிருக்கு." வரிசையில் நின்ற இருபது பேரும் கேட்டார்கள். ஒருத்தி வேண்டுமென்றே இருமினாள்.

யாராவது எடுங்கள் என்று நெமேசியா அழுதாள். ஃபாவியோவும் விருந்தாளியாக வந்திருந்தான். யாரோ போய் அவனைக் கூட்டிவந்தார்கள். எட்டிப் பார்த்துவிட்டு, "நான் இன்னைக்கு விருந்துக்கு வந்தவன். புதுக் கோட்டு வேற" என்று திரும்பிப் போனான்.

அப்போதுதான் பெர்பெதுவா வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கூட்டத்தை விலக்கி உள்ளே பார்த்தாள். முதல் கேள்வி, "யாராச்சும் தண்ணி ஊத்தினீங்களா?" தண்ணீரே இல்லை என்றேன். "நல்லதாப் போச்சு. எங்கயும் போயிருக்காது" என்றாள். சால்வையைக் கழற்றி என் தோளில் போட்டாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். என் பையில் ஒரே ஒரு ஜோடி கையுறை இருந்தது. போடும்போதே ஒன்று கிழிந்தது. கிழிந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையை விட்டாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுத்தண்டில் ஊசி போடும் நல்ல டாக்டர்களின் முகம் அப்படித்தான் இருக்கும். கண் எங்கேயோ, கவனமெல்லாம் விரல் நுனியில். மூன்று வாரத்தில் முதல் முறையாக அவள் தோள் இறங்கியிருந்தது. ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டாள்.

கழுவத் தண்ணீர் இல்லை. பீர் இருந்தது. ஆறு பாட்டில் பீரில் பூவையும் கையையும் கழுவினாள். பிறகு என்னிடமிருந்த ஸ்பிரிட்டில் இரண்டையும் ஊறவைத்துத் துடைத்தாள். முத்துகளை ஒவ்வொன்றாக எண்ணி, எல்லாம் இருக்கிறது என்று தங்கையிடம் நீட்டினாள்.

நெமேசியா கையை நீட்டவில்லை. ஒரு அடி பின்னால் போனாள். என்னைப் பார்த்து, "நர்ஸம்மா, நீங்க வாங்கி ஒரு துணியில சுத்திக் குடுங்க" என்றாள்.

வாங்கிச் சுற்றிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் சீழ் பிடித்த புண்ணை, புழு வைத்த காலைத் தொட்டிருக்கிறேன். அந்தக் கைக்குட்டையை அவளிடம் கொடுத்தபோது வந்த அருவருப்பு அதற்கெல்லாம் வந்ததில்லை. அவள் தாடையில் அவளுடைய வாந்தியே ஒட்டிக்கொண்டிருந்தது. தன் மானத்தைக் காப்பாற்றிய கை அவளுக்கு நாறியது.

பெர்பெதுவா அதைப் பார்த்தாள். திரும்பி அந்தப் பீங்கான்களைப் பார்த்து, "இதை இப்படியே விட்டுட்டா உக்காந்திருக்காங்க?" என்றாள், எனக்கும் அல்ல, யாருக்கும் அல்ல. பேண்டு செட்டில் இளைப்பாறிக்கொண்டிருந்த இரண்டு பெரிய ஆட்களைப் பிடித்து, எதிர்வீட்டுக் குழாயிலிருந்து பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "நீங்களும் போகணும்ல" என்றாள். ஒரு கம்பி, ஒரு பழைய துடைப்பம். ஒரு மணி நேரம். ஒரு அறையின் அடைப்பு எடுபட்டது. வரிசை நகர்ந்தது. சங்கத் தலைவரின் மனைவிதான் முதலில் உள்ளே போனாள். "ரெண்டு வாளி" என்று அவளிடமும் பெர்பெதுவா சொன்னாள்.

மைக்கில் அவள் பெயர் வந்தது அப்போதுதான். பாவாடை ஓரம் நனைந்து கனத்துத் தொங்க, ஈரக் கையோடு மண்டபத்துக்குள் நடந்தாள். கூட்டம் விலகியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகியது. சற்று முன் தூணுக்குப் பின்னால் ஒதுங்கியவர்கள்கூட. தலைவர் சிவப்பு ரிப்பன் கட்டிய சாவியை நுனி விரலால் நீட்டினார். அவள் சாவியை வாங்காமல் மைக்கை வாங்கினாள்.

"நெமே, கோவிச்சுக்காத. கடை வேற யாருக்காச்சும் குடுங்க. எனக்கு அந்த எடந்தான் பிடிச்சிருக்கு. பாவம்னு யாரும் நெனைக்க வேணாம், பெருமைன்னும் நெனைக்க வேணாம். நான் வேலையச் செஞ்சிட்டு உக்காந்தா எனக்கு நெறைவா இருக்கு, அவ்வளவுதான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பொம்பளைங்க பக்கம் இடது கை அறை இன்னும் அடைச்சிருக்கு. யாரும் போகாதீங்க" என்று முடித்தாள்.

யாரும் கை தட்டவில்லை. பாத்திரக் கடைக்காரி மட்டும் சிரித்தாள். நெமேசியா மாதாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு முடிந்தது என்று நினைத்துப் பேண்டு மாஸ்டர் தொடங்கிவிட்டார். தலைவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். பெர்பெதுவா இடது கை அறைக்குத் திரும்பிப் போனாள்.

திங்கட்கிழமை சங்கக் கூட்டம். கழிப்பறை அவளிடமே இருக்கட்டும் என்று முடிவானது. அவள் பேச்சில் மனம் உருகி அல்ல. தலைவரின் மனைவி, ஃபாவியோவிடம் விட்டால் நான் எங்கே போவது என்று கேட்டிருக்கிறாள். மற்றவர்களுக்கும் அதே யோசனைதான். அன்று சாயங்காலம் அழுத்தம் பார்த்தேன். நூற்றிருபத்திரண்டு.

சொந்தக்காரர்கள் சொன்னபடி அவளை ஒதுக்கிவிட்டார்கள். பேத்தி உறவில் ஒரு ஞானஸ்நானம் நடந்தது, அழைப்பு வரவில்லை. அன்றைக்கும் எட்டு அறைகளைக் கழுவினாள். வருத்தமா என்று கேட்டேன். "இருக்கத்தான் செய்யும்" என்றாள். "அதுக்காக அங்க போயி ஒக்காரணுமா?"

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம் நெமேசியா கழிப்பறை வாசலில் வந்து நின்றாள். இத்தனை வருடத்தில் அந்தக் கழிப்பறைக்குள் அவள் கால் வைத்ததில்லை. அவசரம் முகத்தில் தெரிந்தது. தொப்பியில் நகை இல்லை. ஒரு பொலிவியானோவை அக்காவின் கையில் கொடுக்காமல் ஸ்டூலின் ஓரத்தில் வைத்தாள். பெர்பெதுவா அதை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, நாலாக மடித்த தாளை நீட்டினாள்.

"முடிச்சதும் ரெண்டு வாளி. ஒண்ணு இல்ல, ரெண்டு."

நெமேசியா தாளை நுனியில் பிடித்து வாங்கிக்கொண்டு போனாள். வந்தாள். எங்கள் இருவரையும் பார்க்காமல் நடந்தாள். பெர்பெதுவா எழுந்து உள்ளே போய்ப் பார்த்தாள்.

"ஒரு வாளிதான் ஊத்தியிருக்கா" என்று குரல் வந்தது.

இரண்டாவது வாளித் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதற்குள் மதியக் கழுவலுக்கு நேரம் ஆகிவிட்டிருந்தது. கதவைப் பூட்டினாள். கழுவி முடிந்தது எனக்குத் துடைப்பச் சத்தம் நின்றதிலிருந்து தெரிந்தது. வெளியே நான்கு பேர் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். கதவைத் தட்டுங்கள் நர்ஸம்மா என்றார்கள். கால்மணி நேரம் ஆகும், பொறுங்கள் என்று சொல்லிவிட்டு நான் பஞ்சு கிழிக்க ஆரம்பித்தேன்.